அடுப்படியில் பிறந்த கம்பெனி!

கறுப்புப் பட்டு கவுன். கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ். படிய வாரி முடிந்த தலை. உதட்டோரத்தில் சிரிப்பா, அனுதாபமா என்று சொல்ல முடியாத ஒரு மலர்ச்சி. "வாம்மா, இப்படி உட்காரு. உடம்புக்கு என்ன?" என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டியம்மாவின் முகம்!

1880களில் அமெரிக்காவில் பத்திரிகை படித்த பெண்களுக்கெல்லாம் இந்த முகம் அத்துப்படி. மருந்துக் கடைக்குப் போனாலும் பாட்டிலின் மேல் இதே முகம். பெயர் லிடியா பிங்கம். சின்ன ஊர்ப் பத்திரிகை ஆபீஸ்களில் பெண் உருவம் உள்ள அச்சு பிளாக் இது ஒன்றுதான் இருக்குமாம். விக்டோரியா மகாராணி பற்றிச் செய்தி வந்தால்கூட இந்தப் பாட்டியின் படத்தையே போட்டு ஒப்பேற்றிவிடுவார்களாம். இப்படி ஒரு வேடிக்கைக் கதை உண்டு.

சகோதரிகளே, இந்த இதழில் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது இந்த அம்மாளைத்தான். 56 வயதில் வியாபாரம் தொடங்கியவர். அடிமை ஒழிப்புக்கும் பெண் உரிமைக்கும் பாடுபட்டவர்களின் கூட்டத்தில் வளர்ந்தவர். பெண்ணின் உடம்பைப் பற்றி வாயைத் திறக்கவே கூசிய காலத்தில், வெட்கப்படாமல் எனக்கு எழுதுங்கள் என்று ஊரையே அழைத்தவர்.

ஆனால் ஒன்று. அவர் விற்ற மருந்தை இன்று எந்த டாக்டரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்! இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் லிடியாவின் கதை நமக்கு உபயோகப்படும்.

அடிமைகளுக்காக அழுத வீடு

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே கடலோரமாக இருக்கிறது லின் என்ற ஊர். அந்தக் காலத்தில் காலணித் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே 1819-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி, எஸ்டஸ் குடும்பத்தில் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார் லிடியா. வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். அந்தத் தாய்க்கு எத்தனை பிரசவம், எத்தனை ராத்திரிகள் தூக்கமில்லாமல் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டஸ் குடும்பத்தார் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையில் பெண்களும் எழுந்து பேசலாம். ஆனால் அடிமை முறையை எதிர்க்கிற விஷயத்தில் சபை போதிய வேகம் காட்டவில்லை என்று மனக்கசப்பு வந்தபோது, இவர்கள் சபையையே விட்டு வெளியேறிவிட்டார்கள். அவ்வளவு பிடிவாதம்!

தெற்கு மாநிலம் ஒன்றில் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பிறகு உலகம் போற்றும் பேச்சாளராக ஆன ஃபிரெடரிக் டக்ளஸ் 1841 முதல் சில வருடங்கள் இந்த லின் ஊரில்தான் குடியிருந்தார். எஸ்டஸ் குடும்பத்துக்கு நெருங்கிய சிநேகிதர். வெள்ளைக்காரர்களோடு ஒரே ரயில் பெட்டியில் அவர் உட்காரக் கூடாது என்றிருந்த நாட்களில், இந்த வீட்டில் அவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

லிடியா தம் 16-வது வயதிலேயே லின் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். பெண்களே நடத்திய சங்கம் அது. அந்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்த அபி கெல்லி பின்னால் நாடு முழுதும் மேடையேறிப் பேசினார். பெண் பிள்ளை பொது மேடையில் பேசுவதா என்று அவர்மேல் ஏச்சும் பேச்சும் கொஞ்சமில்லை. அந்தக் காலத்துச் சங்கப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். அப்படிப் போனபோதுதான் பலருக்கு உறைத்தது: "அடிமைக்கு விடுதலை கேட்கிறோமே, நமக்கு ஓட்டு உண்டா? கல்யாணமான பிறகு நம் சம்பாத்தியம் நம்முடையதா?" இரண்டுக்கும் அன்றைக்குப் பதில், இல்லை என்பதுதான். அடிமை ஒழிப்பில் இறங்கிய பெண்கள் பெண் உரிமைக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்தது இப்படித்தான். லிடியாவும் அந்த வழியில் வந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கல்யாணமான பெண் தன் சொத்தையும் சம்பாத்தியத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது 1855-ல். அமெரிக்கா முழுதும் பெண்ணுக்கு ஓட்டுரிமை வந்ததோ 1920-ல். அதற்குள் லிடியா கண்ணை மூடி 37 வருடம் ஆகிவிட்டது.

குடும்பத் தலைவி லிடியா

படிப்பு முடிந்ததும் லிடியா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தார். 1843-ல் ஐசக் பிங்கம் என்பவரை மணந்தார். ஐசக் நல்ல மனுஷர்தான். ஆனால் கையில் பணம் தங்காத ராசி. இன்றைக்கு ஒரு தொழில், நாளைக்கு இன்னொரு தொழில். காலணியில் ஆரம்பித்து மனை வியாபாரம் வரை போனார். எதுவும் நிலைக்கவில்லை.

1844-ல் மூத்த மகன் சார்லஸ் பிறந்தான். அடுத்த குழந்தையை வயிற்றுப்போக்குக் கோளாறு கொண்டுபோயிற்று. அந்தக் காலத்தில் எத்தனையோ தாய்மாரின் மடியைக் காலி செய்த வியாதி அது. பிறகு டேனியல், வில்லியம், கடைசியாக 1857-ல் அரோலின் என்ற பெண்.

கணவரின் வருமானம் ஏறி இறங்கினாலும் லிடியாவின் அடுப்படி நிற்கவில்லை. சமையலோடு சமையலாக மூலிகைக் கஷாயமும் கொதிக்கும். ஜான் கிங் என்ற டாக்டர் எழுதிய பெரிய மூலிகை மருத்துவ நூல் ஒன்றை வைத்துக்கொண்டு படித்தார். எந்த உபாதைக்கு எதைக் கொடுத்தால் கேட்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஜாடையாகச் சொல்வார்கள். இவர் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புவார். காசு வாங்கியதில்லை.

"ஏன், டாக்டரிடம் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டாக்டரைக் கண்டால் பயம்

அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் கலோமல் என்ற பாதரச மருந்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பல் ஆடும், ஈறு புண்ணாகும். ரத்தம் எடுத்துவிடுகிற வழக்கமும் முழுக்க ஒழியவில்லை. 1872-ல் ராபர்ட் பேட்டி என்ற சர்ஜன், மாதவிலக்குக் கோளாறுக்கும் மனக் கோளாறுக்கும் வைத்தியம் என்று சொல்லி, கெடுதல் எதுவும் இல்லாத சினைப்பைகளையே வெட்டி எடுக்கிற ஆபரேஷனை ஆரம்பித்து வைத்தார். மற்றவர்களும் பின்பற்றினார்கள். அதில் உயிர் விட்ட பெண்கள் பலர்.

பெண் டாக்டரிடம் போகலாமே என்றால், அவர்கள் எங்கே இருந்தார்கள்? அமெரிக்காவில் முதல் முதலாக ஒரு பெண், எலிசபெத் பிளாக்வெல், மருத்துவப் பட்டம் வாங்கியதே 1849-ல்தான். ஊருக்கு ஒரு பெண் டாக்டர் என்பது கனவு. ஆண் டாக்டரிடம் வெள்ளைப்படுதலைப் பற்றியும், கர்ப்பப்பை இறங்குவது பற்றியும் எப்படிச் சொல்வது? பாதிப் பெண்கள் சொல்லவே மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். சொன்னால், "நரம்புத் தளர்ச்சிம்மா, ஒண்ணுமில்லை, போ" என்று பதில்.

இந்த இடைவெளியில்தான் லிடியாவின் பாட்டில் நுழைந்தது.

கடன்காரர்கள் வாசலில்

1873-ல் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்தது. பேங்குகள் மூடின. நிலத்தின் விலை சரிந்தது. ஐசக் பிங்கம் கடனில் மூழ்கினார். கடனுக்காக ஜெயிலுக்கே போகவேண்டிய நிலைமை வந்து மயிரிழையில் தப்பினார். அந்த அதிர்ச்சியில் உடம்பும் மனமும் ஒடுங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். மனுஷர் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

வீட்டில் நாலு பிள்ளைகள். வயதோ 50-ஐத் தாண்டியாயிற்று. வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போது நடந்ததாக அந்தக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். பக்கத்து ஊரான சேலத்திலிருந்து (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்!) சில பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து லிடியாவின் மருந்தைக் கேட்டார்களாம். இந்தத் தடவை காசு கொடுத்தே வாங்கிப் போனார்களாம். மகன் டேனியலுக்குப் பொறி தட்டியது. "அம்மா, சும்மா கொடுக்கிறதை ஏன் விற்கக் கூடாது?" என்றானாம்.

1875-ல் வியாபாரம் ஆரம்பமாயிற்று. முதலில் சமையலறை அடுப்பு. பிறகு வீட்டின் நிலவறை. லிடியா மூலிகைகளை ஊற வைத்து, துணியில் வடிகட்டி, கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்ப்பார். பிள்ளைகள் பாட்டிலில் நிரப்பி லேபிள் ஒட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அரோலினின் சம்பளமும் இதில்தான் போய்ச் சேரும். ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து விளம்பர நோட்டீஸ்களை மடிப்பார்கள். குடும்பமே கம்பெனி, கம்பெனியே குடும்பம்!

என்னென்ன மூலிகைகள்? யூனிகார்ன் ரூட், லைஃப் ரூட், பிளாக் கோஹோஷ், புளூரிஸி ரூட் என்று அமெரிக்கக் காட்டு வேர்கள் நாலு. ஐந்தாவதாக என்ன தெரியுமா? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயம்! கடல் கடந்து அந்தப் பாட்டியம்மாவின் அடுப்புக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

ஒரு பாட்டில் ஒரு டாலர். அந்த நாளில் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. மலிவான சரக்கு இல்லை.

1876-ல் டேனியல் நியூயார்க் பக்கம் புரூக்ளினுக்குப் போய்த் தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுத்தான். வில்லியம் இன்னும் துணிச்சல். பாஸ்டனில் மருந்து விற்று வந்த பணத்தில் பெரும் பகுதியைப் "பாஸ்டன் ஹெரால்ட்" பத்திரிகையின் முதல் பக்க விளம்பரத்துக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். "அடப்பாவி!" என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் இரண்டொரு நாளில் மொத்த வியாபாரிகளிடமிருந்து ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. 1879-ல் லேபிளிலும் விளம்பரத்திலும் லிடியாவின் படத்தைப் போட்டார்கள். அதற்கப்புறம் விற்பனை எகிறியது.

குடும்பப் பெண் தன் முகத்தைப் பொதுவில் போடுவதா என்று கேட்கிற காலம் அது. லிடியா கவலைப்படவில்லை. மருந்து யார் செய்தது என்று வாங்குகிறவளுக்குத் தெரியட்டுமே!

கடிதம் எழுதுங்கள்

இப்போது, என் மனத்தை மிகவும் தொட்ட பகுதிக்கு வருகிறேன்.

பாட்டிலோடு லிடியா ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். பெண்களுக்கான வழிகாட்டி. பெண் பிள்ளை பெரியவளாவது, மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம், மாதவிலக்கு நிற்கும் பருவம் எல்லாவற்றையும் சாதாரணப் பாஷையில் எழுதியிருந்தார். 1873-ல் காம்ஸ்டாக் சட்டம் என்று ஒன்று வந்து, கர்ப்பத்தடை பற்றிய எந்தத் தகவலையும் ஆபாசம் என்று சொல்லித் தபாலில் அனுப்பத் தடை போட்டிருந்தது. அப்பேர்ப்பட்ட சமயத்தில்தான் இந்தப் புத்தகம் வீடு வீடாகப் போயிற்று. தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எத்தனையோ பெண்கள் முதல் தடவையாக அதில்தான் படித்திருப்பார்கள்.

அத்தோடு ஓர் அழைப்பு. உங்கள் கஷ்டத்தை எழுதுங்கள், உங்கள் கடிதம் ஆண்கள் யார் கண்ணிலும் படாது, பெண்தான் படிப்பாள் என்று உறுதி கொடுத்தார்.

கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்தன. லிடியா தம் கையாலேயே பதில் எழுதினார். மருந்து சாப்பிடு என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு, தினமும் நட, எளிய சாப்பாடு சாப்பிடு, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள் என்றெல்லாம் சொன்னார். இடுப்பை இறுக்கும் உடைகளைக் கட்டிக்கொண்டு, காற்றுப் படாத அறைகளில் அடைந்து கிடந்த பெண்களுக்கு இது பெரிய புத்திமதி. என்னைக் கேட்டால், பாட்டிலில் இருந்ததைவிட இந்தக் கடிதங்களில்தான் மருந்து அதிகம்!

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எனக்கும் நீங்கள் எழுதுகிறீர்கள். "இதை யாரிடமும் சொன்னதில்லை" என்று ஆரம்பிக்கிற கடிதங்கள் எத்தனை! காலம் மாறினாலும் அந்த முதல் வரி மாறவில்லை. அதனால்தான் லிடியாவின் மேஜையில் குவிந்த அந்தக் கடிதங்களை நினைத்தால் எனக்கு வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை.

மருந்து வேலை செய்ததா?

"எல்லாம் சரி, அந்த மருந்து வேலை செஞ்சுதா இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

லேபிளில் பெரிய பெரிய வாக்குறுதிகள் இருந்தன. கர்ப்பப்பை இறக்கம் உள்பட எல்லாப் பெண் வியாதிகளையும் நிச்சயம் குணப்படுத்தும் என்று போட்டிருந்தார்கள். இறங்கிய கர்ப்பப்பையை எந்தக் கஷாயமும் மேலே தூக்கி வைக்காது. இடுப்புத் தசைக்கான பயிற்சிகள், உள்ளே பொருத்தும் வளையம், தேவைப்பட்டால் ஆபரேஷன், இவைதான் அதற்கு வழி.

அந்த வேர்களைப் பற்றி இன்று என்ன தெரியும்? பிளாக் கோஹோஷ் வேரை, மாதவிலக்கு நிற்கும் வயதில் வருகிற உடம்புச் சூட்டுக்கு உதவுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முடிவு இப்படியும் அப்படியுமாக இருக்கிறது. உறுதியாக உதவும் என்று சொல்ல முடியவில்லை. சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் தகவல்கள் வந்திருக்கின்றன. லைஃப் ரூட் இன்னும் மோசம். அதிலுள்ள ரசாயனப் பொருள் கல்லீரலுக்கு விஷம் என்று இப்போது தெரிந்துவிட்டது. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்கிற பேச்சு எவ்வளவு ஆபத்து பாருங்கள்!

இன்னொரு சங்கதி. மருந்தில் சுமார் 18 சதவிகிதம் ஆல்கஹால். பீரில் 5 சதவிகிதம், ஒயினில் 12 சதவிகிதம் என்ற அளவில்தான் இருக்கும். இத்தனைக்கும் லிடியா மதுவிலக்கை ஆதரித்தவர். மூலிகைச் சத்தை இறக்கவும், கெடாமல் வைக்கவும் ஆல்கஹால் சேர்ப்பது அன்றைய வழக்கம். ஆனால் குடிக்க மாட்டேன் என்று சபதம் எடுத்த பெண்கள்கூட இதை வேளாவேளைக்குக் குடித்துவிட்டு, "உடம்பு தேவலை போல இருக்கு" என்றார்கள். இருக்காதா பின்னே!

பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளை உண்டானவர்களுக்கும்கூட இது விற்கப்பட்டது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு குழந்தை என்று சொல்லிக்கொள்கிற அளவுக்குப் போயிற்று. கர்ப்பிணி எவ்வளவு குறைவாக ஆல்கஹால் குடித்தாலும் பாதுகாப்பில்லை என்பதை இன்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள்.

லிடியா வேண்டுமென்றே ஏமாற்றினாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் மருந்தை அவர் மனசார நம்பினார். டாக்டர்கள் கொடுத்த பாதரசத்தைவிட இது குறைந்த கெடுதல்தான். பல உபாதைகள் தாமாகவே நாளடைவில் சரியாகிவிடும். அந்தப் பெருமையும் பாட்டிலுக்குப் போயிற்று. ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. கட்டி வளர்ந்துகொண்டிருந்த ஒருத்தி இந்த மருந்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் அவள் கதி என்ன?

கல்லறை சொன்ன உண்மை

1881 அந்தக் குடும்பத்துக்குக் கொடிய வருஷம். அக்டோபரில் டேனியலும், டிசம்பரில் வில்லியமும் காசநோயில் இறந்தார்கள். கம்பெனியைத் தோளில் சுமந்த இரண்டு பிள்ளைகள்! ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மருந்து கொடுத்த தாயிடம் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க மருந்தில்லை. அடுத்த வருஷம் லிடியாவுக்குப் பக்கவாதம் வந்தது. 1883 மே 17-ம் தேதி, 64-வது வயதில் காலமானார். அப்போது கம்பெனியின் ஆண்டு விற்பனை கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர். எட்டே வருஷத்தில்!

லிடியா போய்விட்டார். ஆனால் "மிஸஸ் பிங்கத்துக்கு எழுதுங்கள்" என்ற விளம்பரம் போகவில்லை! கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆபீஸில் பெண் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். எழுதுகிறவர்களோ, படத்திலுள்ள பாட்டியம்மாவே படித்துப் பதில் போடுகிறார் என்று நம்பினார்கள்.

1905-ல் குட்டு உடைந்தது. உடைத்தது யார் தெரியுமா? ஒரு பெண்கள் பத்திரிகை! "லேடீஸ் ஹோம் ஜர்னல்" பத்திரிகையின் ஆசிரியர் எட்வர்ட் போக். 1892-லேயே இம்மாதிரி மருந்து விளம்பரங்களை வாங்க மாட்டோம் என்று நிறுத்தியவர். லின் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஆளனுப்பிப் படம் பிடித்தார். மிஸஸ் பிங்கம் ஆலோசனை சொல்லக் காத்திருப்பதாகச் சொன்ன விளம்பரத்தையும், 1883-ல் இறந்ததைக் காட்டும் அவரது கல்லறையின் படத்தையும் பத்திரிகையில் சேர்த்துப் போட்டார். நாடே அதிர்ந்தது.

கம்பெனி என்ன சொல்லிற்று? "மூத்த மகன் சார்லஸின் மனைவி ஜென்னியும் மிஸஸ் பிங்கம்தானே!" என்ற ரீதியில் சமாதானம் சொன்னார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் இருட்டில் விளக்கு தேடுகிற மாதிரி எழுதிய அந்தப் பெண்களுக்கு நியாயமா?

அடுத்த வருஷமே, 1906-ல், சுத்த உணவு மருந்துச் சட்டம் வந்தது. மருந்தில் ஆல்கஹால், அபின் முதலியவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் போட்டே ஆகவேண்டும் என்றது சட்டம். பிங்கம் மருந்தின் லேபிளிலும் ஆல்கஹால் அளவு ஏறியது. குடிக்கிறவளுக்கு, தான் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்தது.

இந்தக் கதையில் நல்ல முடிவும் உண்டு. மகள் அரோலின் 1922-ல் தாயின் நினைவாகத் தாய்சேய் நல நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். எந்த ஊரில்? அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு மருந்து வாங்க வந்தார்களே, அந்தச் சேலத்தில்! தாயிடம் பாட்டில் வாங்கிய ஊருக்கு மகள் டாக்டரையும் நர்ஸையும் கொடுத்தார். கம்பெனியின் பழைய காகிதங்களெல்லாம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வரலாற்று நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. லின் நகரில் லிடியாவின் வீட்டை 2014-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

நமக்கு என்ன?

லிடியாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய காது. விட்டுவிட வேண்டியது அவருடைய பாட்டில்.

வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாளா? விவரம் தெரியாமல் பயப்படும்படி விடாதீர்கள். நீங்களே உட்கார வைத்துச் சொல்லுங்கள். மாமியார் தனியாக உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா? "என்ன அத்தை, சொல்லுங்க" என்று நீங்களாகக் கேளுங்கள். 50-ஐத் தாண்டியவர்கள் தாமாக வாயைத் திறக்க மாட்டார்கள்.

கீழே சொல்கிறவற்றில் எது இருந்தாலும் டானிக் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்:

மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு மறுபடி ரத்தம் பட்டால். ஒரு சொட்டாக இருந்தாலும் சரி.

மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டிய அளவு போக்கு இருந்தால்.

இரண்டு விலக்குக்கு நடுவிலோ, தாம்பத்திய உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால்.

நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், அல்லது அடிவயிற்று வலி விடாமல் இருந்தால்.

கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி பாரமாக இருந்தால்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, முகம் வெளுத்திருந்தால். இது ரத்தச் சோகையாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? இன்று பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். அந்த வசதி லிடியாவின் சிநேகிதிகளுக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

எந்த மருந்து வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். அரிஷ்டம், ஆசவம் வகைகளில் தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு. அளவு லேபிளில் போட்டிருக்கும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிற தாய்மார்களும் டாக்டரையோ, தகுதியுள்ள வைத்தியரையோ கேட்காமல் எதையும் சாப்பிடக் கூடாது. எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து என்று எங்கே எழுதியிருந்தாலும், உடனே அந்தக் கல்லறைப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!

56 வயதில், கணவர் நொடிந்து, கடன்காரர் வாசலில் நின்றபோது அடுப்பைப் பற்ற வைத்து ஒரு கம்பெனியையே எழுப்பிய அந்தத் துணிவை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. பேசக் கூடாது என்றிருந்ததைப் பேச வைத்தாரே, அது அதைவிடப் பெரிய காரியம்.

உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன். கூச்சப்படாமல் எழுதுங்கள். அடுத்த இதழில் இன்னொரு சாதனைப் பெண்மணியோடு உங்களைச் சந்திக்கிறேன்.